அப்பாவின் ‘இல்லை’

காலிக் கட்டங்களைக் கண்டால் எனக்கு அருவருப்பு. ஆஸ்பத்திரிப் படிவத்தில் ரத்த வகை, ஒவ்வாமை என்று ஒழுங்காகக் கேட்டிருக்கும். எச்சில் இலையை எடுக்காமல் எழுந்து போவதுபோல, பாதியை நிரப்பாமல் நீட்டுவார்கள்.

பாளையங்கோட்டையில் அந்த டாக்டரின் இணையதளத்தை நான்தான் எழுதினேன். அவரிடம் குடும்பத்துக்கு ஒரு கோப்பு, குடும்பத் தலைவர் பெயரில். தளத்திலும் அப்படியே செய்தேன்: அப்பாவுக்கு ஒரு பக்கம், அதற்குக் கீழே பிள்ளைகளின் பக்கங்கள். பிள்ளையின் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அப்பாவின் பக்கத்தில் உள்ளதை எடுத்துக் காட்டும்படி நாலு வரி போட்டேன். முகவரிக்காக எழுதியது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியது. பக்கங்கள் பார்க்கச் சுத்தமாகிவிட்டன.

நர்ஸ் ராஜராஜேஸ்வரிதான் குறை சொன்னார், அதுவும் டாக்டரை வைத்துக்கொண்டு.

“ஒவ்வாமை காலியா இருந்தா நான் கேப்பேன், தம்பி. ‘இல்லை’ன்னு இருந்தா கேக்காம ஊசி போட்டுருவேம்லா. அதை மட்டும் எடுத்துருங்க.”

அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். ஊசி போடுகிறவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று குமட்டியது. எடுத்துவிட்டதாகச் சொன்னேன். எடுக்கவில்லை.

ஆடி மாதம் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மதுமதியைக் காய்ச்சலோடு கூட்டிவந்தார்கள். ஏழு வயது. பென்சிலின் அவளுக்கு ஆகாது; அதற்கான சீட்டு அம்மாவின் பர்சிலேயே இருந்தது. கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார். ஆனால் திரையில் ‘இல்லை’ என்று இருந்தது. அது அவள் அப்பாவுடையது. ஊசி போட்டு இருபது நிமிடத்தில் குழந்தை இறந்துபோனாள்.

போனில் செய்தி வந்ததும் அந்த நாலு வரியை அழித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நான் போனபோது அவள் எடுத்த வாந்தியை இன்னும் துடைக்கவில்லை. மிதித்துவிடாமல் ஒதுங்கி நின்றுகொண்டேன். டாக்டர் அவளுடைய பக்கத்தைத் திறந்தார். கட்டம் காலி.

“‘இல்லை’ன்னு இருந்துச்சு சார், என் கண்ணால பாத்தேன்,” என்று ராஜராஜேஸ்வரி அழுதார்.

“நல்லாப் பாருங்கக்கா, ஒண்ணும் போடலைல்லா,” என்றேன்.

உங்கள் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போதும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது தளத்தின் பழைய நகலைக் கண்டெடுத்துவிட்டீர்கள், சார். அந்த வரிகளை எழுதியதும் நான், அழித்ததும் நான். உங்கள் வாக்குமூலப் படிவத்தை முழுதாக நிரப்பியிருக்கிறேன், ஒரு கட்டம்கூட விடவில்லை.

ஆனாலும் அந்த நர்ஸம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.