டவல் அங்கியை எடுத்தது நான்தான்

என் பெயர், கணவர் பெயர், முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி இத்துடன் கொடுத்திருக்கிறேன். எனக்கு வயது அறுபத்தொன்று. டவல் மில்லில் செக்கிங் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எழுதப் படிக்கத் தெரியும். துறைமுகக் காவல் நிலையத்துக்கு யாரும் அழைத்து வராமல் நானாகவே இன்று காலை பத்தேகால் மணிக்கு வந்தேன். உதவி ஆய்வாளர் கேட்கக் கேட்க, பெண் காவலர் ஒருவர் எழுத, நான் சொல்வது பின்வருமாறு.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெறும்போது கம்பெனியார் எங்கள் இருவருக்கும் சொகுசுக் கப்பலில் நான்கு நாள் பயணம் பரிசாகக் கொடுத்தார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் கப்பல் ஏறினோம். ஆறாவது தளத்தில் பால்கனி வைத்த கேபின் எங்களுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தளத்து கேபின்களைக் கவனிக்கும் பணியாளர்தான் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். தற்போது இந்த நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பவர் அவரே என்று அடையாளம் காட்டுகிறேன்.

கேபினில் மேசை மேல் வரவேற்பு அன்பளிப்பு என்று ஒரு அட்டையும், அதைச் சுற்றிப் பொருட்களும் வைத்திருந்தார்கள். அட்டையில் எதெல்லாம் எங்களுக்கே சொந்தம், எதெல்லாம் கப்பலில் உபயோகிக்க மட்டும் என்று இரண்டு பட்டியல் அச்சடித்திருந்தது. பழம், பூ, சாக்லேட், சோப்பு, எழுதும் தாள், துணிச் செருப்பு ஆகியவை எங்களுக்குச் சொந்தம். டவல் துணியில் தைத்த இரண்டு நீளமான குளியல் அங்கிகள் உபயோகிக்க மட்டும். இதை நான் முதல் நாளே இரண்டு முறை படித்தேன். தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று நான் சொல்ல வரவில்லை.

இலவசமாகக் கொடுக்கும் பொருள் என்றால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதே எனக்கு இருபத்தெட்டு வருடம் பிழைப்பாக இருந்தது. எனவே கணவர் பால்கனியில் கடல் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கூடையில் நான்கு பேரிக்காய்கள் தனித்தனியே மெல்லிய தாளில் சுற்றியிருந்தன. அமுக்கிப் பார்த்ததில் ஒன்று அன்றைக்குத் தின்னும் பதம், அடுத்தது சற்றுக் கெட்டி, அதற்கடுத்தது இன்னும் கெட்டி. நாளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டோம். நான்கும் அந்தந்த நாளில் சரியாகக் கனிந்திருந்தன. லில்லிப் பூக்களின் நடுவே இருக்கும் மகரந்தத் தண்டுகளை, படுக்கை விரிப்பில் கறை படாதபடி, முன்னதாகவே கிள்ளி எடுத்திருந்தார்கள். செருப்பின் அடிப்பாகம் பசை போட்டு ஒட்டியதல்ல, சுற்றிலும் தைத்தது. எழுதும் தாளில் என் கணவர் மைப்பேனாவால் மகளுக்குக் கடிதம் எழுதினார். மறுபக்கம் ஊறவில்லை. இரண்டு சாக்லேட்டில் ஒன்று சர்க்கரை இல்லாதது. கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று பயணச் சீட்டு வாங்கும்போது ஒரு படிவத்தில் எழுதியிருந்தோம். அதை யாரோ உண்மையிலேயே படித்திருக்கிறார்கள். டீத்தூள் மட்டும் சுமார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேற்படி பணியாளரைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். என் கணவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் உண்டு. வேலையில் போனவை. முதல் நாள் அவர் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறக்கச் சிரமப்பட்டபோது பணியாளர் டவல் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தார். மறுநாள் முதல் எங்கள் கேபினில் வைக்கும் பாட்டில்களுக்கெல்லாம் மூடியை லேசாகத் திருகி, நாங்கள் தொட்டால் கழன்று வரும்படி வைத்தார். என் கணவர் அதைக் கவனிக்கவில்லை, கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

இனி அங்கியைப் பற்றி. முதல் நாள் மாலை குளித்துவிட்டு அங்கியைப் போட்டுக்கொண்டேன். போட்டதும் தோளில் உட்கார்ந்த விதத்தில் இது நல்ல பீஸ் என்று தெரிந்தது. கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் லூப், அதாவது டவலின் நூல் வளையம், ஒரே உயரம். எங்கும் நூல் இழுக்கவில்லை. பாக்கெட்டின் இரண்டு மூலையிலும் கெட்டித் தையல் போட்டிருந்தது. தோள் தையலுக்கு உள்ளே பட்டி வைத்திருந்தது. கழுத்துப் பட்டையின் வளைவில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பக்கத் தையலுக்குள் நகம் அளவு துணிச்சீட்டு ஒன்று இருந்தது. அதில் எங்கள் மில்லின் அடையாளமும் பதினேழு என்ற எண்ணும் இருந்தன. பீஸைப் பார்த்து அனுப்பும் செக்கரின் எண்ணை அப்படித் தைப்பது எங்கள் மில் வழக்கம். பதினேழு என்பது என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார். நான் இருபத்து மூன்று.

நாத்தனாருக்கும் எனக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் கேட்டதால் சொல்கிறேன். ஒரு முறை அவசர ஆர்டரில் நான் ஒரு லாட்டை, அதாவது ஒரே தொகுப்பாக வந்த பீஸ்களை, சரி என்று அனுப்பினேன். மேசையில் அடுத்து உட்கார்ந்திருந்த அவர் அதைப் பிரித்துப் பார்த்து, லூப் இழுத்திருக்கிறது என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னை ஆறு மாதம் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சொந்தத் தம்பி பெண்டாட்டி என்றும் பார்க்காமல் காட்டிக்கொடுத்தவர் என்று கேன்டீனில் எல்லோர் முன்பும் சொன்னேன். அவர் பார்க்கும் பீஸ் மட்டும் என்ன தங்கமா என்றும் சொன்னேன். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு நான் போவதில்லை, எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை. நடுவில் என் கணவர் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. அப்படியானால் இந்த அங்கிக்கும் குறைந்தது நான்கு வயது. எத்தனை பேர் உடுத்தி, எத்தனை சலவை கண்டிருக்கும் என்று கணக்கில்லை. அதில் ஏதாவது குற்றம் கிடைக்காதா என்று அன்று ஒரு மணி நேரம் தேடினேன். மறுநாள் காலையும் தேடினேன். கிடைக்கவில்லை.

அதன் பிறகு பணியாளர் அறையைச் சுத்தம் செய்ய வந்தபோது, "தம்பி, இத வெளிய விக்கிறாங்களா?" என்று கேட்டேன். "கீழ கடையில அங்கி இருக்குங்கம்மா. ஆனா அது வேற மில்லு. எடையே பாதிதான் இருக்கும்" என்றார். துணிச்சீட்டைக் காட்டி, இது என் நாத்தனார் பார்த்த பீஸ் என்றும், ஒன்பது வருடம் முன்னால் நான் அவரைச் சொன்னதையும் சொன்னேன். அவர் சீட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா மடிக்கிறேன், இது யாரோட நம்பர்னு யோசிச்சதே இல்லம்மா" என்றார். நான் எடுத்துப் போகட்டுமா என்று கேட்கவில்லை. அவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை இறங்குவதற்கு முன், கணவர் சவரம் செய்துகொண்டிருந்த நேரத்தில், அங்கியை நான்காக மடித்துப் பெட்டியில் அவர் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். கணவருக்கும் பணியாளருக்கும் இது தெரியாது. விற்பதற்கோ உடுத்துவதற்கோ எடுக்கவில்லை. நாத்தனாரிடம் வாயால் சொல்ல எனக்கு வராது. பீஸைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் அவருக்கே புரியும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "என்ன, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று பையை நீட்டினேன். அவர் அங்கியை எடுத்ததும் முதலில் செய்தது உட்புறத்தைத் திருப்பியதுதான். சீட்டைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போது நடந்த பேச்சு வருமாறு:

"எங்க கெடச்சது?"

"கப்பல்ல, அண்ணி. பெரிய பெரிய ஆளுங்க உடுத்துறாங்க."

"குத்தம் பாத்தியா?"

"ரெண்டு நாள் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"இருக்காது" என்றார். பிறகு சிறிது நேரம் பாக்கெட் மூலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "உள்ள வந்து உக்காரு. டீ போடுறேன்" என்றார். மதியம் வரை அங்கே இருந்தேன். மில்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. கேன்டீனில் நான் சொன்னதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை.

நேற்று திங்கட்கிழமை மதியம் உதவி ஆய்வாளர் என் கணவருக்குப் போன் செய்தார். அந்தத் தளத்தில் சில மாதங்களாகப் பொருட்கள் காணாமல் போவதாகவும், இந்த முறை எங்கள் கேபினில் ஒரு அங்கி குறைந்ததால் கப்பல் நிர்வாகம் புகார் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். பணியாளரைக் கேட்டதற்கு, வயதான அம்மா ஆசைப்பட்டார்கள், அன்பளிப்பாக நானே கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அது உண்மையா என்று கேட்கத்தான் போன் வந்தது. கணவர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

என் கணவரிடம் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். அவர் பயந்துபோய், "அவரே குடுத்ததா சொல்லிட்டாருல்ல. ஆமான்னு சொல்லிடு. அறுபது வயசுக்கு மேல போலீஸ் ஸ்டேஷன் படி ஏறணுமா?" என்றார். எனக்கும் அதுதான் சுலபமாகத் தோன்றியது. அங்கியை வாங்கி வர நாத்தனார் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஆமான்னு சொன்னா அந்த ஆளுக்கு வேலை போயிரும். தெரிஞ்சே கெட்ட லாட்டப் பாஸ் பண்ற மாதிரி இது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்த முறை நான் எதிர்த்துப் பேசாமல், காலையில் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "நானும் வர்றேன். தனியா போகாத" என்றார். இன்று என்னுடன் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். என் கணவரும் வந்திருக்கிறார். அங்கியைக் கொண்டுவந்து உதவி ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

மேற்படி பணியாளர் எனக்கு அங்கியைக் கொடுக்கவில்லை. நான் எடுத்ததை அவர் பார்க்கவும் இல்லை. என் பொருட்டு அவர் சொன்னது பொய். அந்தப் பொய்யைத் தவிர அவரிடம் நான் ஒரு குறையும் காணவில்லை. மற்ற கேபின்களில் காணாமல் போனவை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததைப் பற்றி நான் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னதை, உதவி ஆய்வாளர் கப்பல் நிர்வாகத்தின் சார்பில் வந்திருந்த அம்மையாரிடம் என் முன்னிலையில் சொன்னார். பணியாளரையும் உள்ளே அழைத்தார்கள். எதற்காக அப்படிச் சொன்னாய் என்று அம்மையார் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பன்னெண்டு வருஷமா ரூம் ரெடி பண்றேன் மேடம். வர்றவங்க அங்கியப் போட்டுப்பாங்க, கழட்டி எறிவாங்க. இந்தம்மா ஒருத்தங்கதான் அத உக்காந்து படிச்சாங்க" என்றார். அம்மையார் வெளியே போய்க் கப்பலுடன் போனில் பேசிவிட்டு வந்தார். காணாமல் போன பொருள் திரும்பக் கிடைத்துவிட்டதால் புகாரை வாபஸ் வாங்குவதாகவும், பணியாளர் நாளை புறப்படும் பயணத்தில் அதே தளத்தில் வேலைக்கு ஏறலாம் என்றும், பொய் சொன்னதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை மட்டும் உண்டு என்றும் சொன்னார். என்னைப் பார்த்து, இனி எங்கள் கப்பலில் வந்தால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். பணியாளர் என் கணவரின் கையைக் குலுக்கினார், பாதி விரல்கள் உள்ள கையைத்தான்.

பெண் காவலர் எழுதி முடித்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். ஒப்படைத்த பொருள் என்ற இடத்தில், 'பழைய வெள்ளை டவல் அங்கி ஒன்று' என்று எழுதியிருந்தது. அது மட்டும் தவறு என்று சொன்னேன். எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தகுதி இல்லை, வெளியே இருப்பவரைக் கேளுங்கள் என்றேன். நாத்தனாரை உள்ளே அழைத்தார்கள். அவர் அங்கியை ஜன்னலோரம் கொண்டுபோய், உட்புறம் திருப்பி, தோளிலிருந்து விளிம்பு வரை விரலால் ஓட்டிப் பார்த்தார். நிலையத்தில் எல்லோரும் காத்திருந்தோம். பிறகு அவர் சொன்னதை நான் திரும்பச் சொல்ல, பெண் காவலர் பழையதை அடித்துவிட்டு எழுதினார்: 'வெள்ளை டவல் அங்கி ஒன்று, முதல் தரம், குறை எதுவும் இல்லை.'

திருத்திய பிறகு முழுவதையும் மீண்டும் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொன்னதல்ல, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன் என்று உறுதி கூறி, இதன் கீழ் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வாக்குமூலம் கொடுத்தவர், முன்னாள் செக்கர் எண் 23

சாட்சி: (ஒப்பம்) அவர் நாத்தனார், முன்னாள் செக்கர் எண் 17