சங்கிலி வேணாம்

மெசின அணைங்க நானா. அணைச்சாத்தான் நான் சொல்றது கேக்கும். இல்ல, சண்டைக்கு வரல. சண்டைய காலையிலயே அந்தா குடைக்குள்ள நிக்கிற சுகாதார ஆபீஸ் மாத்தயாவோட போட்டாச்சு. நீங்க அக்குறணையிலருந்து பெக்கோ மெசினோட வந்த மனுசன், அவங்க சொல்றதத்தான் செய்வீங்க. ஆனா லீவர் ஒங்க கையிலதானே இருக்கு. அதான் அண்ணன்கிட்ட வர்ற மாதிரி நானான்னு ஒங்ககிட்ட வந்தேன்.

சங்கிலி மட்டும் போடாதீங்க. அவ்வளவுதான் கேக்குறேன்.

ஆமா, எங்க மாடுதான். சிங்காரி. பின்னங்காலும் வாலும் தெரியுதே, மிச்சம் பூரா மண்ணுக்குள்ள. மலை சரிஞ்சு வந்தப்ப லயத்து வரிசையில இந்தப் பக்கத்து வீடுங்க எல்லாம் போயிருச்சு. எங்க வீடும்தான். நான் பேராதனையில கெம்பஸ் ஹொஸ்டல்ல இருந்தேன். ஹேவாஹெட்ட ரோடு உடைஞ்சு கெடந்துச்சு, பாதி தூரம் நடந்துதான் வந்தேன்.

நாறுது, தெரியும் நானா. எனக்கும் மூக்கு இருக்கு. வியாதி வரும், செத்த மாடு எல்லாத்தையும் இன்னைக்கே குழியில போட்டு சுண்ணாம்பு கொட்டி மூடணும்னு மாத்தயா சொல்றது சரிதான். அத நான் எதுக்கவே இல்ல. எதுத்தது குழி வெட்டப் பாத்த எடத்த. தண்ணி விழுற பீலிக்கு மேல வெட்ட வந்தாங்க. மேல்லயம், கீழ்லயம் எல்லாரும் அந்தப் பீலித் தண்ணியத்தான் குடிக்கிறோம். மாட்டு மேல எறங்குற மழத்தண்ணி அப்புறம் எங்க ஐயா போகும்னு கேட்டேன். ஒனக்கு இதெல்லாம் தெரியுமா நங்கின்னாரு, தங்கச்சியாம் நான். தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும், இதுக்கு கெம்பஸ் போகணும்னு இல்லன்னேன். கோவம்தான் அவருக்கு. ஆனா குழிய கீழ மாத்துனாரு.

அப்புறம் தோட்டத்து ஆபீஸ்காரங்க ஆரம்பிச்சாங்க. தேயிலைக்குள்ள குழி வெட்ட தொரைகிட்ட பெர்மிசன் எடுக்கணுமாம். எத்தன தலைமுறையா இங்க கொழுந்து எடுக்குறோம், ஒரு மாட்ட பொதைக்கணும்னா எங்களுக்குன்னு ஒரு துண்டு நெலம் கெடையாது. அந்த மலை எங்க கூரை மேல வந்து படுத்துச்சே, அது யாருகிட்ட பெர்மிசன் எடுத்துச்சுன்னு கேட்டேன். பக்கத்துல நின்ன ஆம்பளைங்க சிரிக்கிறாங்க. லோஜினி மாட்டுக்கு வக்கீலா வந்திருக்கா, பீஸு பாலாவா சாணியாவான்னு ஒருத்தரு. சிரிக்கட்டும் நானா. மண்ணு வந்ததுக்கு அப்புறம் இந்தப் பக்கம் யாரு சிரிச்சா.

சங்கிலி விசயத்துலதான் தோத்துட்டேன். பின்னங்கால்ல மாட்டு, ஒரே இழுப்பு, முடிஞ்சுதுன்னுட்டாரு மாத்தயா. மத்ததெல்லாம் அப்படித்தானே எடுத்தீங்க. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மேல்லயத்து கன்னுக்குட்டி பாதிதான் வந்துச்சு. நீங்க மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டீங்க. அதப் பாத்துட்டுத்தான் இவருகிட்ட பேசலாம்னு நெனச்சேன்.

நீங்க மேல் மண்ண மட்டும் லேசா வழிச்சுக் குடுங்க, பக்கெட்டுப் பல்லு ஆழமா எறங்காம. மிச்சத்த நாங்க மம்பட்டியால எடுக்குறோம். சிரிச்சாங்களே, அதே ஆளுங்கதான் வருவாங்க. கூப்ட்டா வந்துருவாங்க.

நேரமாகும், ஆமா. வேணும்னா மத்த எடத்த முடிச்சிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்.

பாசமா? இருக்கத்தான் செய்யும். இவ பாலுலதான் நான் படிச்சேன். கெம்பஸுக்கு மொத மொத கெளம்புன அன்னைக்கு என் துப்பட்டா நுனிய வாயில போட்டு மென்னுக்கிட்டு நிக்கிறா, மாத்துறதுக்கு வேற இல்ல, அதோடயே பஸ் ஏறுனேன். ஆனா அதுக்காக சொல்லல. செத்தத இழுத்தா அதுக்கு வலிக்கவா போகுதுன்னு மாத்தயா கேட்டாரு. நியாயமான கேள்விதான். பதில் இருந்துச்சு நானா. அப்பா பக்கத்துல இருந்தாரு.

அந்தா, கதிரை போட்டு ஒக்காந்திருக்காரே, அவருதான். மண்ணுக்குள்ளருந்து முழுசா கெடச்சது அந்த ஒரு கதிரைதான். மாட்டப் பாக்கல அவரு. ரோட்டத்தான் பாக்குறாரு. இருங்க, எந்திரிக்கிறாரு. டீ குடுக்குற எடத்துக்குப் போவாரு. போகட்டும்.

இப்ப சொல்றேன்.

ஒங்க ஊரு ஆளுங்க சோத்துப் பார்சல் கொண்டாந்து குடுக்குறாங்கல்ல, அதுல அப்பா எப்பவும் ரெண்டு வாங்குவாரு. ஒண்ணு அம்மாவுக்கு. அம்மா பல்லேகலையில அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்றாரு. மழையன்னைக்கு இவரு கோயில் வேலையா ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரு, அம்மா மட்டுந்தான் வீட்டுல. சிக்னல் வந்ததும் அக்கா போன் பண்ணி, அம்மா இங்க வரலப்பான்னு அழுறா. அப்ப வழியில இருப்பான்னு சொல்லி போன வெச்சுட்டாரு. பஸ் இல்ல, ரோடு இல்ல, எந்த வழியிலப்பான்னு நான் கேக்கல. ஊரு பூரா வாதாடுறவ, அதுல மட்டும் அவரோட வாதாடல.

தேடுனாங்க. வீடு இருந்த எடத்துல தேடுனாங்க, ஆத்தோரமா தேடுனாங்க. இங்க யாரும் பாக்கல. மாடுதானே கெடக்குன்னு விட்டுட்டாங்க. ராத்திரி பேஞ்ச மழையில கொஞ்சம் மண்ணு கழுவிப் போயி, காலையிலதான் இது சிங்காரின்னே எனக்குத் தெரிஞ்சுது. மாட்டுப்பட்டி எங்க இருந்துச்சு தெரியுமா, மேல, அந்த முருங்கை மரத்துப் பக்கம். மாடு கெடக்குறது ஸ்கூலுக்குப் போற பாதையில. மண்ணு தள்ளிக்கிட்டு வந்திருந்தா பட்டித் தகரமும் கூடவே வந்திருக்கணும். தகரம் மேலயே கெடக்கு, போய்ப் பாத்தேன். மழை கூடுனா எல்லாரையும் ஸ்கூலுக்குத்தான் போகச் சொல்லியிருந்தாங்க. கட்டிக்கெடந்த மாடு தானா ஸ்கூலுக்கு நடக்காது நானா.

வேணாம், எறங்காதீங்க, மெசினுலயே இருங்க. அழல நான். அப்பா திரும்பி வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிருவோம்.

வால் பக்கம் வேணாம், தலைப் பக்கமா வாங்க. கழுத்துக் கயிறு எந்தப் பக்கம் போகுதுன்னு மொதல்ல பாக்கணும். பாத்துட்டு அது கூடவே மெதுவா தோண்டுவோம், யாரும் இழுக்க வேணாம். மாட்ட அவுத்தா அம்மா கயித்த மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்குவாங்க. இல்லன்னா இவ கரட் பாத்திக்கு ஓடிருவா.