முற்றுகை விருந்து

ஒயின் குடிப்பவனுக்கு நாக்கைவிட மூக்குதான் முக்கியம், சார். எண்ணூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள். அதனால்தான் பழைய உப்புக் கிடங்கை வாங்கி, இடுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்து, ஏசி போட்டேன். 'எண்ணூர்க் காற்று எட்டிப் பார்க்காத அரங்கம்' என்று வாசலில் போர்டும் வைத்தேன். பின்னால் இருக்கும் குப்பத்து ஜனங்கள் அதைப் படித்து அப்படியே நம்பிவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

அங்கே பழைய காலத்து வேஷம் போட்டு, காசுக்கு விருந்து வைப்பேன். அன்றைய விருந்து 1746. பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட நாட்கள். அந்தக் காலத்துத் துரைமார் பெரிய சாப்பாட்டைப் பிற்பகலில்தான் சாப்பிடுவார்கள் என்பதால் நானும் பகலிலேயே வைத்தேன். ஜன்னல்களை மூடி மெழுகுவத்தி ஏற்றினேன். விருந்தினர்களின் செல்போனை வாங்கிப் பூட்டினேன். கதவுச் சாவி என் கோட்டுப் பையில். வேலையாட்கள் என்னைத் 'துரை' என்றுதான் கூப்பிட வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார்.

மீனுக்கு வெள்ளை ஒயின் ஊற்றும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு கை, பிறகு பல கைகள். பக்கத்துத் தொழிற்சாலையில் கேஸ் கசிந்தது எனக்குத் தெரியாது என்று நேற்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. தெரியும். ரோசி சொன்னாள். அவள் என் சமையல்காரி, அந்தக் குப்பத்துக்காரி, இன்னாசி என்பவனின் பெண்டாட்டி. நல்ல கைமணம்.

"அண்ணா, வெளிய கேஸு லீக்காயிட்ச்சாம். என் வூட்டுக்காரரு குரல் கேக்குது. சாவி குடுண்ணா."

'அண்ணா' என்றாளே, அதுதான் உறுத்தியது. யார் காதிலாவது விழுந்தால் 1746 போச்சு. கறி ஆறிவிடும், அப்புறம் பார்க்கலாம் என்று மெதுவாகத்தான் சொன்னேன். நான் யாரிடமும் கத்துகிற ஆள் இல்லை.

விருந்தினர்களோ அந்தச் சத்தத்தை நான் ஏற்பாடு செய்த முற்றுகை என்று நினைத்துவிட்டார்கள். கவர்னர் மனைவி வேஷத்தில் வந்திருந்த அனிஷா மேடத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டதாம். நான் மறுக்கவில்லை.

விருந்தினர்களின் உயிரைக் காப்பாற்றத்தான் திறக்கவில்லை என்று சொல்லச் சொன்னார் வக்கீல். நல்ல மனிதர். ஆனால் அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. மேசையில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பாட்டிலைத் திறந்து காற்று வாங்க வைத்திருந்தேன். வெளிக் காற்று கொஞ்சம் உள்ளே வந்தாலும் அதன் வாசனை கெட்டுவிடும். அப்புறம் ஆட்டுத்தொடைக்கு எதை ஊற்றுவது?

ஆட்டுத்தொடையை வைத்துவிட்டு ரோசி என் முன்னால் மண்டியிட்டாள். இந்த முறை வசனம் தப்பவில்லை.

"துரை, சாவி குடு துரை. இன்னாசிக்கு மூச்சு வாங்குது துரை."

மேசையே கைதட்டியது. நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று அவர்களைப் பார்த்து அழுதாள். அதற்கும் கைதட்டினார்கள். இந்த நடிகையை எங்கே பிடித்தீர்கள் என்று அனிஷா மேடம் என் காதில் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

புட்டிங்கும் மடீரா ஒயினும் வந்தபோது சத்தம் நின்றிருந்தது. கோட்டையைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோரும் கிளாஸை உயர்த்தினார்கள். குடித்து முடித்த பிறகு கதவைத் திறந்தேன். அதற்குள் காற்று திசை மாறியிருந்தது. கதவைத் தட்டிய மற்றவர்கள் எப்படியோ ஊர்ந்து ரோடு வரை போய்விட்டார்கள். இன்னாசி மட்டும் படியிலேயே கிடந்தான். ரோசி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல சேலை, வாடகைக்கு எடுத்தது.

சாவி என்னிடம் இருந்தது. கேட்டாள். கொடுக்கவில்லை. இன்னாசி செத்தது என்னால்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சார், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் மனசை அறுக்கிறது. லாக்கப்பில் தூக்கமே வரவில்லை. 1746இல் கோட்டைக்குள் இருந்தவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் கதவைத் திறந்துவிட்டார்கள். எத்தனையோ புத்தகம் படித்தவன், அந்த ஓர் இடத்தில் போய் வரலாற்றைத் தப்பாகக் காட்டிவிட்டேனே, சார்.