பின்பாட்டு

அந்தக் கதிரையில் இருக்காதீர்கள். அதன் கால் ஒன்று ஆடும். இதில் இருங்கள். என் மனைவி மக்டலின் தேத்தண்ணி கொண்டுவருவாள். இந்த வீட்டுக்கு வந்த எவரும் தொண்டை நனைக்காமல் திரும்பிப் போனதில்லை. பொலிஸ்காரருக்கும் அதே மரியாதைதான்.

இப்றாஹிம் உங்களிடம் வந்து, அன்றைக்குப் பாட்டு பிழையாய்ப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறான். வயது போன மனிதர், சம்மாட்டிக்குத் தடுமாறியிருக்கும், பாவம் என்றும் சேர்த்துச் சொன்னானாம். நல்ல மனிதன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவன். அன்றுமுதல் எங்கள் வலையில்தான் கயிறு இழுக்கிறான், வலைக்குச் சொந்தக்காரனான என்னைச் சம்மாட்டி என்பான். அவன் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன். எனக்குப் பாட்டு ஒருநாளும் தடுமாறியதில்லை. தம்பியின் மரணத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் தடுமாற்றம் என்ற சொல் எழுதப்படுவதை நான் விரும்பவில்லை.

நீங்கள் மலைநாட்டுப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். ஆகவே கரைவலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு பக்கக் கயிறும் கரைக்கு வரும். ஆட்கள் கயிற்றைத் தோளில் கோத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, மணலில் மேல்நோக்கி நடப்பார்கள். வேறு கரைகளில் இப்போது உழவு இயந்திரம் இழுக்கிறது. எங்கள் கரையில் மனிதர்தான். இழுப்பவர்களில் ஒருவருக்கும் கடல் தெரியாது. கடலைப் பார்த்து நிற்பவன் முன்பாட்டுக்காரன் ஒருவன் மட்டுமே. அவன் ஓரடி பாட, மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லிக்கொண்டு இழுப்பார்கள். அதுதான் அம்பாப் பாட்டு.

சில வேளை வலை கடலடியில் கல்லில் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒருவன் தண்ணீருக்குள் சுழியோடி அதை விடுவிக்க வேண்டும். அவன் கீழே இருக்கும்வரை முன்பாட்டுக்காரன் இளக்குப் பாட்டுப் பாடுவான். நீளமான, நித்திரை வரவைக்கும் ராகம். அது கேட்டால் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சுழியோடியவன் ஏறிவிட்டால் இழுப்புப் பாட்டு. அவர்களுக்குக் கண் என்பது முன்பாட்டுக்காரனுடைய வாய். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்ப்பது பாடுகிறவனை அவமதிப்பது.

முன்பாட்டு எங்கள் வீட்டில் மூத்த ஆண்பிள்ளைக்கு உரியது. அப்பாவுக்குப் பிறகு எனக்கு. அது குரலைப் பார்த்துக் கொடுப்பதல்ல, பிறப்பைப் பார்த்துக் கொடுப்பது.

றெமீஜியஸ் என் கடைசித் தம்பி. அவன் கையில் எதைக் கொடுத்தாலும் அது பேசும். கோயிலில் வயலின் வாசிப்பான். கலியாண வீடுகளில் மண்டலின். பைலா ஆட்டப்பாட்டுக் குழுக்களில் பாஞ்சோ. இப்றாஹிமின் ஆட்களிடம் போயிருந்து றபான் மேளமும் படித்துக்கொண்டான். சிங்களப் பாட்டுக்காரர்கள் கொழும்பிலிருந்து கார் அனுப்பி அவனைக் கூட்டிப்போவார்கள். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேருக்குப் பின்னால் நின்று வாசித்தான். அதுவரைக்கும் எனக்கு அவனில் ஒரு குறையும் இல்லை. பின்னால் நிற்பது இளையவனுக்கு அழகு.

ஊருக்கு வந்தால் கயிறு இழுக்க வருவான். அதையும் சொல்ல வேண்டும், பெருமை பிடித்தவன் அல்ல. எனக்குத் தொண்டை கட்டிய ஒருநாள் அவனை முன்பாட்டுப் பாட விட்டேன். அன்று வலை வழக்கத்தைவிட வேளைக்கே கரைக்கு வந்துவிட்டது. இப்றாஹிம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

"கோவிக்காதீங்க சம்மாட்டி. நீங்க பாடினா கயிறு நித்திர கொள்ளுது. தம்பி பாடினா அது எங்களயும் இழுத்துக்கிட்டுப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீரோட்டம் வாய்ப்பாக இருந்த நாள் அது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

போன வருடக் கடைசியில் றெமீஜியஸ் தனிப் பாடகனாக வெளிக்கிட்டான். எங்கள் வீட்டுப் பெயரை விட்டுவிட்டு, வெறும் 'றெமி'. எங்கள் அம்பாப் பாட்டுகளைத்தான் எடுத்திருந்தான். மண்டலினும் றபானும் எல்லாமே அவன் வாசித்தது. என் மகள் அஜித்தா போனில் போட்டுக் காட்டினாள். முன்பாட்டு அவன் குரல். பின்பாட்டு வந்தபோது, அதுவும் அவன் குரல். பத்து இருபது பேர் சொல்வதுபோல, ஒன்றின்மேல் ஒன்றாகத் தன் குரலையே அடுக்கியிருந்தான்.

"சித்தப்பா ஒராளே எல்லாத்தயும் பாடியிருக்கிறார் அப்பா," என்றாள் அவள், கண்கள் மின்ன.

ஒருவன் கூப்பிடவும் ஊர் பதில் சொல்லவும் உண்டான பாட்டு அது. தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்பவனை என்ன என்று சொல்வது? நான் பாட்டைக் கடைசிவரை கேட்டேன். அங்கேதான் அந்த அடி வந்தது.

*கருவாட்டுக் கடகமேந்தி வந்தவளாம் — ஏலோ ஏலம்மா*
*சம்மாட்டி வீட்டுத் திறப்பை வாங்கினவளாம் — ஏலோ ஏலம்மா*
*தாலிக்கு முன்னாலே தொட்டில் கட்டினவளாம் — ஏலோ ஏலம்மா*

எங்கள் அம்மா நீர்கொழும்பில் பெரிய குடும்பத்துப் பெண் என்றுதான் ஊருக்குத் தெரியும். அப்பா அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். உண்மையில் அவர் உச்சமுனையிலிருந்து வள்ளத்தில் கருவாடு கொண்டுவந்து விற்றவர். வீட்டுச் சாவி, தாலிக்கு முந்திய தொட்டில், மற்றதைப் பாட்டே சொல்லிவிடுகிறது. தொட்டிலில் கிடந்தது யார் என்றும் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. மூத்தவன் நான்.

கயிறு இழுத்த யாரோ அந்தக் காலத்தில் கட்டிய கேலி அது. அதைப் பாடிய ஒருவனை அப்பா கரையைவிட்டே துரத்தியது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. பாட்டு அவனோடு போய்விட்டது என்றிருந்தேன். கரையில் இப்போது இருக்கிறவர்களில் ஒருவருக்கும் அது எங்கள் வீட்டுக் கதை என்று தெரியாது. றெமியின் பாட்டு வந்தபின் ஏதோ பழைய பகிடி என்று பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

அஜித்தாவுக்குச் சிலாபத்தில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தோம். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கலியாண எழுத்து வைப்பதாக இருந்தது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் மாமி கேக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்:

"றெமி உங்கட தம்பியாமே? எங்கட வீட்டில முழுநாளும் அந்தப் பாட்டுத்தான். சும்மா சொல்லுங்க, ஆரு அந்தத் தொட்டில் கட்டின பொம்பிள?"

"பழைய பாட்டு," என்றேன்.

"பழசோ புதுசோ, கெட்டிக்காரி," என்று சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் போனபின் அஜித்தா, அவர்களுக்கு எங்களை நன்றாகப் பிடித்துவிட்டது என்று சொன்னாள். சம்பந்தம் குழம்பவில்லை. சிறுபிள்ளைகளுக்கு இதெல்லாம் விளங்காது. முகத்துக்கு முன்னால் சிரிக்கிறவர்கள் படலை தாண்டியதும் எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சிலாபத்தில்தான் றெமியின் முதலாவது தனி மேடை என்று சுவரொட்டி ஒட்டினார்கள். கொச்சிக்கடை வரைக்கும் அவன் முகம். மேடை போடும் இடத்திலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக் கூரை தெரியும்.

நான் ஆத்திரப்படவில்லை. தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு அவன் வந்தபோது, கோயிலுக்குப் பின்னால் யாத்திரிகர்கள் அடுப்பு மூட்டும் மரங்களடியில் வைத்து மரியாதையாகக் கேட்டேன். பாட்டை வைத்துக்கொள், அந்த அடியை மட்டும் எடுத்துவிடு என்றேன்.

"அந்த அடியிலதானே அண்ண பாட்டே நிக்குது," என்றான். "நானா கட்டினது? அம்மாதான் எனக்குப் பாடிக் காட்டினவ. படுக்கையில கிடந்து சிரிச்சுச் சிரிச்சுப் பாடினவ. 'உங்கண்ணனுக்குச் சொல்லிப் போடாத, முகத்தத் தூக்கி வச்சிருவான்' எண்டும் சொன்னவ."

அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு சரியில்லை.

"தொட்டில்ல கிடந்தது நான்தான் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும் அண்ண. அதாலதான் பாடுறன். அந்தப் பொம்பிள ஒரு ஊரையே எதிர்த்து நிண்டு தொட்டில் கட்டியிருக்கு. அதுக்குள்ள நீங்க ராசா மாதிரிக் கிடந்திருக்கிறீங்க. எனக்கு அப்பிடி ஒரு பாட்டு இல்லயே." பிறகு என் கையைப் பிடித்தான். "சிலாபத்துக்கு நீங்களும் வாங்க. முன்பாட்டு நீங்க பாடுங்க. நான் பக்கத்தில நிண்டு பின்பாட்டுச் சொல்றன். சனம் எழும்பி நிக்கும், பாருங்க."

எனக்கு உரியதை எனக்கே பிச்சை போடுகிறான். நான் கையை விடுவித்துக்கொண்டு கோயிலுக்குள் போனேன். அன்னம்மாளுக்கு முன்னால் வெகுநேரம் முழங்காலில் நின்றேன். மனம் அமைதியாக இருந்தது.

திருநாள் முடிந்து அடுத்த வலைக்கு அவனும் வந்தான். கடல் தெளிவு. மடி கரைக்குக் கிட்ட வந்தபோது வலை கல்லில் பிடித்தது. மடி என்பது வலையின் அடிப்பை, மீன் சேரும் இடம். அந்தக் கல் எங்களுக்குப் பழக்கமானது. இப்றாஹிமின் மருமகன் இறங்கப் போனான். றெமீஜியஸ் அவனைத் தடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினான்.

"நீ நில்லுடா, அந்தக் கல்லு என்ர பழைய சிநேகிதன்," என்றான். போகும்போது என்னிடம் திரும்பி, "அண்ண, இளக்குப் பாட்டக் கொஞ்சம் நீட்டிப் பாடுங்க. எனக்கு இப்ப முந்தின மூச்சு இல்ல," என்றான்.

நான் இளக்குப் பாட்டை எடுத்தேன். கயிறுகள் தளர்ந்தன. அவன் ஒருமுறை ஏறி மூச்செடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். வலை இன்னும் விடவில்லை என்று அர்த்தம். பிறகு மறுபடி இறங்கினான். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. கல்லுக்கும் வலைக்கும் நடுவே அவன் புகுந்ததையும், கண்ணிகளுக்குள் கையைக் கொடுத்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது பாட்டை மாற்றினேன்.

என் வழக்கமான இழுப்புப் பாட்டுக்கு அவர்கள் அரைமனதாகத்தான் இழுப்பார்கள். அரைமனது போதாது. ஆகவே அவனுடைய பாட்டை எடுத்தேன். கருவாட்டுக் கடகமேந்தி வந்தவளாம். இளையவர்கள் கூவினார்கள். சம்மாட்டி றெமியின் பாட்டைப் பாடுகிறார் என்று அவர்களுக்குத் தாங்கமுடியாத சந்தோசம். ஏலோ ஏலம்மா என்று மண்ணில் குதிகால் புதைய இழுத்தார்கள்.

கயிறு ஒருமுறை அதிர்ந்தது.

"தம்பி ஏறிட்டாரா சம்மாட்டி?" என்று இப்றாஹிம் கத்திக் கேட்டான். அவன் திரும்பவில்லை. முறை தெரிந்தவன்.

பதிலுக்கு நான் அடுத்த அடியைப் பாடினேன். இழுப்புப் பாட்டு வந்தால் ஏறிவிட்டான் என்றுதானே அர்த்தம். அவனும் பின்பாட்டுச் சொல்லி இழுத்தான். ஆகவே அவனிலோ மற்றவர்களிலோ ஒரு பிழையும் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தொட்டில் அடிக்கு வந்தபோது வலை கல்லைவிட்டுக் கிழிந்து வந்தது. றெமீஜியஸ் மீனோடு மடியில் வந்தான். கண்களை நான்தான் மூடினேன். அது மூத்தவனுடைய கடமை.

மக்டலின் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறாள். நிற்கட்டும். தேத்தண்ணி ஆறியிருக்கும், அவளுக்குக் கை ஓடாது.

எல்லாம் வீட்டு மானத்துக்காக. அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், பெண்ணின் எதிர்காலம். நீங்களும் ஒரு குடும்பத்தில் பிறந்தவர்தானே, விளங்கும். எனக்கென்று நான் எதையும் தேடவில்லை.

அந்த அடியை மறைக்கத்தான் செய்தீர்களென்றால், கரை முழுக்கக் கேட்க அதையே ஏன் பாடினீர்கள் என்கிறீர்கள். சொன்னேனே, இழுப்புக்கு அதுதான் வாய்ப்பான பாட்டு. அவ்வளவுதான். தேவைக்கு மேல் ஓரிரு தடவை பாடியிருக்கலாம். வலை மணலில் ஏறிய பிறகும் கொஞ்சம் பாடினேன்.

நீங்கள் எழுதவேண்டியது ஒன்றுதான்: அன்றைக்குப் பாட்டு பிழையாய்ப் போகவில்லை. சந்தேகமென்றால் இப்றாஹிமைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கயிறு நித்திரை கொண்டதா என்று. என் வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள்தான் அந்தக் கரை முழுவதும் எனக்குப் பின்பாட்டுச் சொன்னது.