தேரோ அனுப்பிய திருத்தங்கள்

வில்மார்: …அவன் பேரைச் சொன்னதும் உன் முகத்துல ஒரு வெளிச்சம் வருது பாரு.

யானினா: எவன் பேரை?

வில்மார்: தெரியாத மாதிரி கேளு. தேரோ.

யானினா: காலையில இருந்து நீதான் அந்தப் பேரை ஜபிச்சிட்டிருக்க. மாத்தே டீ ஆறுது, குடி.

வில்மார்: நன்றி.

யானினா: நன்றியா? நன்றின்னா இனி வேண்டாம்னு அர்த்தம், ரெண்டாவது சுத்துலயே திருப்பிக் குடுக்கிற. அப்போ நிஜமாவே கோபம்தான்.

வில்மார்: பின்ன? அந்தப் பொறி சர்வர எழுதினது நான். திருடன் நிஜ பேங்க் சர்வர்னு நம்பி உள்ள வருவான், மாட்டினது கூடத் தெரியாம துழாவிட்டிருப்பான். யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்க, திருத்துங்கன்னு ஊருக்கே சும்மா குடுத்தேன். இன்னைக்கு மான்டெவிடியோவுல எவனைக் கேட்டாலும் தேரோ, தேரோ…

யானினா: எழுதுறப்போ பக்கத்துல நான் எதுக்கு உட்கார்ந்திருந்தேன்?

வில்மார்: நீ… உதவி பண்ணின.

யானினா: ம்.

வில்மார்: நேத்து கூட்டத்துல ஒருத்தன் என்கிட்டயே வந்து கேக்கிறான், "தேரோவை நேர்ல பார்த்திருக்கீங்களா"ன்னு. வயிறு எரிஞ்சுது யானி.

யானினா: அவன் அனுப்பின திருத்தத்தையெல்லாம் சேர்த்துக்கிட்டது நீதானே?

வில்மார்: நல்லா இருந்துச்சு, சேர்த்தேன். திருடன் சந்தேகப்பட்டு ஓடாம இருக்க, அசல் சர்வர் மாதிரியே சோம்பலா பதில் சொல்ல வச்சான் பாரு… அது மூளை. ஆனா அவன் உனக்குத் தெரிஞ்சவன்.

யானினா: எப்படிச் சொல்ற?

வில்மார்: "கொஞ்சம் தூங்கி வழிஞ்சாத்தான் நம்புவாங்க"ன்னு சாப்பிடும்போது நீ சொன்ன. அதே வாரம் அவன்கிட்டயிருந்து அதே யோசனை. ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க.

யானினா: பேசிக்கிறோம்தான். தினமும்.

வில்மார்: …பார்த்தியா.

யானினா: இன்னும் என்ன தெரியும் உனக்கு?

வில்மார்: ரெண்டு பேரும் கொலோனியாவுக்கு ஊர் சுத்தப் போனீங்க.

யானினா: யாரு சொன்னா?

வில்மார்: …யாரோ.

யானினா: யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் போகவேயில்லை. "தேரோவும் நானும், கொலோனியா"ன்னு என் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர் இருக்கு. அவ்வளவுதான்.

வில்மார்: யானி…

யானினா: ஒரு மாசமா என் கம்ப்யூட்டரை எவனோ நோண்டுறான்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுல ரவியோலிய வாயில வைக்கிறேன், போன் அடிக்குது. ஃபோல்டரை யாரோ திறந்துட்டாங்கன்னு எச்சரிக்கை.

வில்மார்: உள்ள ஒண்ணுமே இல்லை.

யானினா: பொறிக்குள்ள என்ன இருக்கும்?

வில்மார்: எனக்கே பொறி வச்சியா?

யானினா: நீ எழுதினதுதான். அப்படியே வச்சேன். நல்லா வேலை செய்யுது.

வில்மார்: சிரிக்காத. திறந்தது தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா நீ அவனை மறைச்சியே? யாருன்னு சொல்லிடு. தாங்கிக்குவேன்.

யானினா: முதல்ல என் பேர்ல ஒரு திருத்தம் அனுப்பினேன். ஞாபகம் இருக்கா?

வில்மார்: அது… அப்புறம் பார்க்கலாம்னு வச்சேன்.

யானினா: இன்னும் அங்கேயேதான் கிடக்கு. அதுக்கப்புறம் அனுப்பினதும்தான். ஒண்ணையாவது திறந்து பார்த்தியா? பூட்டி வச்சதைத்தான் திறப்பியோ என்னவோ.

வில்மார்: அதுக்கும் இதுக்கும் என்ன… இரு. தேரோ… வயல்ல நிக்குமே, அந்தப் பறவை. கூடு ஒரு பக்கம் இருக்க, வேற பக்கம் நின்னு கத்தி ஆளை ஏமாத்தும்…

யானினா: அதே திருத்தத்தைத்தான் அந்தப் பேர்ல அனுப்பினேன். ஒரு புள்ளி கூட மாத்தலை. அன்னைக்குச் சாயந்திரமே "என்ன மூளை பாரு இவனுக்கு"ன்னு எனக்கே படிச்சுக் காட்டின.

வில்மார்: …இத்தனை நாளா ஏன் சொல்லலை? நான் இங்க பொறாமையில வெந்து செத்துட்டிருக்கேன்.

யானினா: நீ மட்டுமா? அவனை நீ புகழ்றப்போ ஒவ்வொரு தடவையும் எனக்கும்தான் வயிறு எரிஞ்சுது, வில்மார்… அது நான்தான்னு தெரிஞ்சும்.