காலைக் காட்டினால் தொண்டையைப் பார்க்கிறார்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமகிரிப்பேட்டை போகும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த ஊர்க்கார அம்மாவிடம் சொன்னாள்:

“காலக் காட்டப் போனா, டாக்டரு வாயத் தொறக்கச் சொல்றாருங்கக்கா!”

என் தூக்கம் கலைந்தது. காதை மட்டும் முன்னால் அனுப்பினேன்.

“கால்ல என்ன கண்ணு?”

“முழங்காலுக்குக் கீழ செவப்புச் செவப்பாக் கட்டி. தொட்டா உசுரு போவுது. அக்கிக் கொப்பளம்னு நெனச்சு, பான செய்யறவருகிட்டப் போயி ரெண்டு கால்லயும் காவியில எழுதிட்டு வந்துட்டேன்.”

“டாக்டரு என்னங்கறாரு?”

“‘இதுல கட்டி எது, காவி எது? கழுவிட்டு வாங்க’ன்னாரு. அப்பறம் தொட்டுப் பாத்துட்டு, ‘போன மாசம் தொண்ட வலிச்சுதா?’ன்னு கேட்டாரு. நெசமாவே வலிச்சுதுங்க!”

“தொண்டைக்கும் காலுக்கும் என்ன சம்மந்தம்?”

“தொண்டையில கிருமியோட சண்ட போட்ட ஒடம்பு, சண்ட முடிஞ்சும் அடங்காம கால்ல வந்து ஆடுதாம்.”

“என்ற மாமியா மாதிரி.”

“டீபி இருக்குமோன்னு நெஞ்சையும் படம் புடிச்சாங்க. இல்லீங்களாம். மாத்திரையத் தின்னுட்டு, கால மேல தூக்கி வெச்சிருந்தா, கட்டி தழும்பில்லாம அமுங்கிருமாம்.”

“அப்ப மாரியம்மன் நோம்பிக்குத் தீச்சட்டி? வேண்டுதலாச்சே!”

“அதுதாங்கக்கா பயம். இந்த வருசம் நடக்கவே கூடாதுன்னுட்டாரு. எங்கூட்டுக்காரரு எடுக்கறேன்னிருக்காரு.”

“அவரா? டீ கிளாஸையே துண்டு சுத்தித்தான புடிப்பாரு!”

“அம்மனுக்குத் தெரியாதுங்களா? அவளே பாத்துக்குவா.”

நான் குனிந்து வேட்டியை விலக்கி இரண்டு கால்களையும் சோதித்தேன். கட்டி எதுவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், நான் இறங்கியிருக்க வேண்டிய ராசிபுரமும் இல்லை.