மணலில் மங்கிய தடம்

மணல் சலிக்க மாவுச் சல்லடையை மிஞ்சியது எதுவும் கிடையாது. என் மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. சமையலறையில் சல்லடை காணாமல் போகும்போதெல்லாம் எனக்கும் அவள் தம்பிக்கும் சேர்த்தே அர்ச்சனை நடக்கும்.

நானும் மச்சினனும் கூட்டாகத்தான் தொழில் செய்தோம். ஓரிடத்தில் கட்டடம் கட்ட அனுமதி கேட்டால், அழிந்துவரும் விலங்கு ஏதாவது அங்கே வாழ்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த முறை நரி. மூடிப்போன தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பொட்டல். அதில் குடியிருப்பு வரப்போகிறது. அங்கிருந்த மேட்டில் தெரிந்த வளைகளின் வாசலில் சலித்த மணலைப் பரப்பி, காலையில் போய்த் தடம் பார்த்தேன். தடம் மங்கலாக இருந்தது. காற்று கலைத்த நாய்த்தடம் என்று முடிவு செய்து, நரி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு இந்தத் தொழிலில் மறுபேச்சு கிடையாது. என் அறிக்கை ஒன்றுகூடப் பொய்யானதில்லை. அதை நீங்கள் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

மச்சினனுக்கு வீட்டில் சந்தேகப் பிராணி என்று பெயர். பூட்டிய பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். நான் எடுத்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான்.

"காத்து கலைச்சதுன்னு சொல்றீங்க அத்தான். பக்கத்துல எலி நடந்தது பளிச்சுன்னு இருக்கே. காத்து நாய்த்தடத்தை மட்டும் தேடிப் பிடிச்சா கலைக்கும்?"

"எலி அப்புறமா வந்திருக்கும்."

"எலித்தடத்து மேலதான் இந்தக் கால் விழுந்திருக்கு."

இந்த இன நரிக்கு உள்ளங்காலிலும் ரோமம் உண்டு. அதன் தடம் மங்கலாகத்தான் விழும். எனக்கு அது தெரியாததல்ல. அன்று நினைவுக்கு வரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று மனைவி சிரித்தாள். அவன் சிரிக்காமல் என்னையே பார்த்தான். தெரியாமல் எழுதினேனா, தெரிந்தே எழுதினேனா என்று கேட்கிற பார்வை. ஓர் அறிக்கை பொய் என்றானால், இதுவரை எழுதியதையெல்லாம் கிளறுவார்கள். முதலில் கிளறுகிறவன் அவனாகத்தான் இருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். மறுநாள் மண் கொட்டி மேடாக்க இயந்திரங்கள் வருவதாக இருந்தது. அன்று ஆள் நடமாட்டமில்லை. பழைய கழிவுநீர்க் குழாய் ஒன்று வளைகள் இருந்த மேட்டுக்குள் போகிறது. தவழ்ந்தால் ஓர் ஆள் போகலாம். மச்சினன் கைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டு, டார்ச்சோடு நுழைந்தான். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"நரி முகத்துல முழிச்சுட்டேன் அத்தான். குட்டிங்களும் இருக்கு. நாளைக்கே அறிக்கையைத் திருத்திக் கொடுத்துடலாம்."

"கொடுத்துடலாம்," என்றேன்.

குழாயின் வாய்க்கு இரும்புக் கதவு உண்டு. அதை மூடினேன். துருவேறியிருந்தாலும் தாழ்ப்பாள் நன்றாகவே விழுந்தது. விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தான். அப்புறம் தட்டினான். அவனுக்கு எப்போதுமே பொறுமை கம்மி.

நண்பனைப் பார்க்கப் போயிருக்கிறான் என்று வீட்டில் சொன்னேன்.

"செருப்பு நம்ம கார்ல கிடக்கு. பொட்டலுக்குப் போட்ட பூட்ஸோடவா நண்பனைப் பார்க்கப் போனான்?" என்றாள் மனைவி. சந்தேகம் அந்தக் குடும்பத்துக்கே கூடப் பிறந்தது. உங்களிடம் வந்ததும் அவள்தானே.

காலையில் இயந்திரம் ஓட்டுகிறவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"உள்ள ஏதோ தட்டுற மாதிரி இருக்கு சார்."

எல்லாம் பார்த்தாயிற்று, அறிக்கையில் இருக்கிறது, வேலையைத் தொடங்குங்கள் என்றேன். அவரைக் குறை சொல்லாதீர்கள். என் கையெழுத்தை நம்பினார்.

ஆக, அவனைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. பெண் எடுத்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே மனிதன் அவன். நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. எங்கே தோண்ட வேண்டும் என்று நானே வந்து காட்டுகிறேன். ஒன்றுதான் கேட்கிறேன். அவனுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக ஏதாவது கிடந்தால், அவசரப்பட்டு நரிக்குட்டி என்று எழுதிவிடாதீர்கள். அவை நாய்கள்.